மூன்று வயதுக்குள் டிஸ்னி வேர்ல்டு: ஒரு கணக்குச் சரிபார்ப்பு

அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “குழந்தைக்கு மூணு வயசு ஆகறதுக்குள்ள ஒரு தடவை டிஸ்னி வேர்ல்டு போயிட்டு வந்துடணும்.” காரணம் வெளிப்படையானது. ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோ நகரத்தை ஒட்டியிருக்கும் அந்தப் பூங்காவில் மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. மூன்றிலிருந்து ஒன்பது வரை குழந்தை டிக்கெட். பத்து வயதானால் பெரியவர் கட்டணம். இரண்டுக்கும் வித்தியாசம் சில டாலர்கள்தான். ஒருநாள் டிக்கெட் நூறு டாலரைத் தாண்டித்தான் தொடங்குகிறது, விடுமுறைக் கூட்ட நாளில் இருநூறை ஒட்டிப் போகிறது என்னும்போது, காசில்லாமல் நுழையும் ஒரு தலை பெரிய மிச்சம். ஊரிலிருந்து தாத்தாவும் பாட்டியும் விசா எடுத்து வந்திருக்கும் கோடையும் அதே வருடம் அமைந்துவிட்டால், நயாகராவுக்கு அடுத்த வரியில் ஆர்லாண்டோ ஏறிவிடும்.

டாலரைப் பொறுத்தவரை கணக்கு சரி. ஆனால் அதில் எங்கேயும் குழந்தை வரவில்லை. வாங்கிய நாளில் எவ்வளவை அதனால் அனுபவிக்க முடிகிறது, விழித்திருக்கும் நேரத்தில் எவ்வளவு காத்திருப்பில் கரைகிறது, திரும்பி வந்தபின் என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் அந்தப் பயணத்தை எடைபோட வேண்டும்.

இதற்கு வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவரத் தேவையில்லை. லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் இருவரும் குதிரை ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, தான் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஆனஹைமில் டிஸ்னிலேண்ட் வந்தது. அவர் மறைந்து ஏறக்குறைய ஐந்தாண்டு கழித்து, 1971 அக்டோபரில், ஃப்ளோரிடாவில் மேஜிக் கிங்டம் திறந்தது. அதன்பின் எப்காட் 1982இல், இன்று ஹாலிவுட் ஸ்டுடியோஸ் எனப்படும் பூங்கா 1989இல், அனிமல் கிங்டம் 1998இல். இந்த நான்கும்தான் டிஸ்னி வேர்ல்டின் முக்கியப் பூங்காக்கள். நிறுவனர் வைத்த இலக்கு சேர்ந்து மகிழ்வது என்றால், அங்கே இப்போது பெஞ்சில் மாட்டிக்கொள்வது யார் என்று கேட்பதில் அநியாயம் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது நிஜமாகவே நிறைய. மேஜிக் கிங்டமில் உயரக் கட்டுப்பாடே இல்லாத சவாரிகள்தான் அதிகம். டம்போ யானை, பீட்டர் பேன், வின்னி த பூ, சுழலும் தேநீர்க் கோப்பைகள், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு, ஜங்கிள் க்ரூஸ், மேலே மெல்ல ஊர்ந்து போகும் பீப்பிள்மூவர் என்று கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே நாள் முழுக்க ஏறி இறங்கலாம். அப்பா அம்மாவும் கூடவே. ‘குழந்தைகள் பகுதி’ என்று ஒரு மூலையை வேலிபோட்டு ஒதுக்கி, பெற்றோரை வெளியே நிறுத்திவைக்கும் பூங்காக்களோடு ஒப்பிட்டால் இது வேறு ஜாதி. பால் கொடுக்க, துணி மாற்றத் தனி இடம் இருக்கிறது. அங்கே கழிப்பறைகூடச் சின்ன உருவத்துக்கு ஏற்ற அளவில் இருக்கிறது.

டம்போ சவாரியில் 2012இல் செய்த மாற்றம் எல்லாவற்றையும்விட முக்கியம். சவாரியை இரட்டிப்பாக்கியதோடு நிற்காமல், காத்திருக்கும் இடத்தைச் சர்க்கஸ் கூடாரம் போல அமைத்து உள்ளே விளையாட்டுத் திடல் போட்டார்கள். பெற்றோர் கையில் ஒரு பேஜரைக் கொடுத்தார்கள். முறை வரும்வரை பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம், பெரியவர்கள் உட்காரலாம். சிறுகுழந்தைக்கு வரிசை என்பது என்ன வதை என்று யோசித்த ஒருவர் வரைந்த திட்டம் அது. நாலு வயதுப் பிள்ளைக்கு நேரம் போவது தெரியாமல் இருக்க வேண்டுமே தவிர, நேரம் குறைய வேண்டும் என்பதில்லை. இந்த யோசனையை மற்ற சவாரிகளுக்கெல்லாம் விரித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே பாதி வேலை குறைந்திருக்கும். பூங்கா வேறு வழியில் போனது.

1999இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. டிக்கெட்டைக் காட்டினால் பிற்பகலில் இன்ன நேரத்துக்கு வா என்று சீட்டு கிடைக்கும், அதற்குத் தனிக் காசு இல்லை. 2021 அக்டோபரில் அதையே ஜீனி ப்ளஸ் என்ற பெயரில் கட்டணச் சேவையாக்கினார்கள். 2024 ஜூலையிலிருந்து அதன் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ். நாளைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். மிகப் பெரிய ஓரிரு சவாரிகளுக்கு அதிலும் சேராமல் தனியே கட்ட வேண்டும். டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள் ஏழு நாள் முன்பே சவாரிகளைத் தேர்ந்தெடுக்கலாம், மற்றவர்கள் மூன்று நாள் முன்பு. ஆக, பயணத்தின் ஒரு பகுதி செல்போன் திரையில், விடியற்காலையில், வீட்டிலேயே நடந்துவிடுகிறது. கூட்டத்தை உள்ளே விடுகிறவரும் அந்தக் கூட்டத்திலிருந்து விடுதலையை விற்கிறவரும் ஒருவரே என்பது வியாபாரமாகச் சாமர்த்தியம்தான். குடும்பத்துக்குச் செய்த உபகாரம் என்று சொல்வதற்கில்லை.

இருந்தாலும் அதை வாங்குவதா வேண்டாமா என்பது தார்மீகக் கேள்வி அல்ல, கூட்டல் கழித்தல். பீட்டர் பேன் சவாரி மூன்று நிமிடம் போல ஓடும். கூட்ட நாளில் அதற்கு ஒரு மணி நேரம் நிற்பது சாதாரணம். மூன்று வயதுக் குழந்தையோடு அந்த ஒரு மணி நேரத்தை நின்று பார்த்தவருக்குக் காசு பெரிதாகத் தெரியாது. வாங்கலாம் என்கிற பக்கத்துக்கு இதைவிட வலுவான வாதம் இல்லை. எதிர்ப்பக்கம்: இந்தச் சேவை அதிகம் மிச்சப்படுத்துவது பெரிய ரோலர் கோஸ்டர்களில், அவற்றில் சிறுகுழந்தை ஏறவே முடியாது. அது ஏறக்கூடிய பலவற்றில் வரிசை நீளமில்லை. நீளமான இரண்டு மூன்றைக் கதவு திறந்த முதல் மணி நேரத்திலேயே முடித்துவிடலாம். சிறுகுழந்தைகள் எப்படியும் ஆறு மணிக்கே எழுந்துவிடுகின்றன. மற்ற குடும்பங்கள் கஷ்டப்பட்டுச் செய்வது இவர்களுக்கு இயல்பாக நடக்கும். காலையில் முதலாவதாக நுழைந்து மதியம் வெளியேறும் குடும்பத்துக்கு மல்டி பாஸ் வீண் செலவு. பதினோரு மணிக்கு நிதானமாக வந்து இரவு வரை இருப்போம் என்கிறவர்களுக்கு அது தேவைப்படும். ஆனால் அந்தத் திட்டமே சிறுகுழந்தைக்கு ஒத்துவராது.

ஏன் ஒத்துவராது? மேஜிக் கிங்டமுக்குக் காரில் போகிறவர் வண்டியை நிறுத்துமிடம் பூங்கா வாசல் அல்ல. அங்கிருந்து ஏரியைப் படகில் கடக்க வேண்டும், அல்லது மோனோரயிலில் சுற்றிப் போக வேண்டும். சோதனை, டிக்கெட், தள்ளுவண்டி, ஒரு கழிப்பறை நிறுத்தம் எல்லாம் சேர்த்தால் காரிலிருந்து பூங்கா நடுவிலுள்ள கோட்டையடிக்கு முக்கால் மணியாவது ஆகும். திரும்பும்போதும் அதே. ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியோடு மழை வருவது ஃப்ளோரிடாவின் வழக்கம். மின்னல் கண்டால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பு வரை சென்னை மே மாதத்து வியர்வை. மதியத் தூக்கம் இன்னும் விடாத குழந்தைக்கு இதில் தெளிவான நேரம் என்று தேறுவது நான்கைந்து மணி. புகழ்பெற்ற வாணவேடிக்கை இரவில், அது தூங்கும் நேரத்தில், அதுவும் காதைப் பிளக்கும் ஓசையோடு. அந்த நேரத்தில் கோட்டை முன்னால் தள்ளுவண்டிகளில் காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தைகளைப் பார்த்தால் இந்த வாணவேடிக்கை யாருக்காக என்று புரிந்துவிடும். நாள் முழுவதற்கும் காசு கட்டிவிட்டோமே என்று பெரியவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் மணி நேரங்கள் அவை.

பெரிய சவாரிகளின் எல்லையைக் கவனியுங்கள். பார்ன்ஸ்டார்மர் 89 செ.மீ., ஏழு குள்ளர்கள் சுரங்க ரயில் 97, ஸ்பேஸ் மவுன்டன் 112, ட்ரான் 122. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதுக் குழந்தையின் நடு உயரம் சுமார் 103 செ.மீ., ஐந்து வயதில் 110, ஆறில் 115ஐ ஒட்டி. அதாவது நான்கு வயதில் சுரங்க ரயில் கைக்கு வரும், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்தான் ஸ்பேஸ் மவுன்டன். ஆனால் கட்டணம் மூன்றாம் பிறந்தநாளிலேயே ஏறக்குறைய முழுசாக விழுந்துவிடுகிறது. கொச்சியிலும் பெங்களூரிலும் இருக்கும் வொண்டர்லா இந்த விஷயத்தில் நேர்மையானது. அங்கே குழந்தை டிக்கெட் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறது: 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 வரை குழந்தைக் கட்டணம். எதில் ஏற முடியுமோ அதற்கேற்ற விலை. (டிஸ்னியில் அளவுகோல் முன்னால் நிற்கும்போது அரை அங்குலத்துக்காக ஷூவுக்குள் துணி திணிக்கும் தந்தைமார் உண்டு. வேண்டாம். அந்த எல்லை பாதுகாப்புக் கம்பியின் அளவைப் பொறுத்தது, கௌரவத்தைப் பொறுத்ததல்ல. வீட்டிலேயே அளந்து, எது கிடைக்கும் எது கிடைக்காது என்று குழந்தையிடம் முன்பே சொல்லிவிட்டால் அழுகை பாதியாகும்.)

பெஞ்சு விஷயத்தில் பூங்காவுக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். ரைடர் ஸ்விட்ச் என்ற ஏற்பாட்டில் அப்பா சவாரி போக அம்மா குழந்தையோடு நிற்கலாம், பிறகு அம்மா நீண்ட வரிசையில் மறுபடி நிற்காமல் போகலாம். காசு இல்லை. ஆனால் இருவரும் சேர்ந்து போக முடியாது. பாட்டி கூட வந்திருந்தால் அதுவும் தீரும். பேரனை அவர் மடியில் விட்டுவிட்டு இருவரும் ஏறலாம், வெயிலில் நடக்க விரும்பாத பாட்டிக்கும் அது வசதி. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரத் தடையில்லை என்பது நம்மவர்களுக்குப் பெரிய காரியம். தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும் டப்பாவில் போனால் மதியம் உணவக வரிசையும் மிச்சம், குழந்தையின் வயிறும் மிச்சம். குளிர்ந்த தண்ணீர் உணவுக் கவுன்டர்களில் கேட்டாலே தருவார்கள்.

‘இந்த வயசுல கூட்டிட்டுப் போனா அதுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது’ என்று மாமனார் வகையறா கேட்பதுண்டு. இதற்கு ஊகத்தைவிட நல்ல பதில் கைவசம் இருக்கிறது. நினா ஹமண்ட், ராபின் ஃபைவஷ் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று அல்லது நான்கு வயதில் டிஸ்னி வேர்ல்டு போய்வந்த குழந்தைகளைப் பற்றியதே. ஆறு மாதம் அல்லது பதினெட்டு மாதம் கழித்துக் கேட்டபோதும் அவர்கள் நிறையவே சொன்னார்கள். போகும்போது நான்கு வயதாகியிருந்தவர்கள் சொன்னதில் விவரம் கூடுதல். வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றி அடிக்கடி பேசிய குழந்தைகளுக்கு நினைவும் கூடுதல். மாமனாருக்குப் பாதித் தோல்வி: மூன்று வயதில் போனதும் ஒன்றரை வருடம் தாங்குகிறது. பாதி வெற்றியும் உண்டு: எட்டொன்பது வயதுக்குள் அந்த வயதின் நினைவுகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன என்பதும் பிற்கால ஆய்வுகள் காட்டுவதே. அப்புறம் மிஞ்சுவது ஆல்பமும் அம்மா சொல்லும் கதையும். அந்தக் கதையை எவ்வளவு நம்பலாம்? எலிசபெத் லாஃப்டஸும் சகாக்களும் 2002இல் செய்த சோதனையில், டிஸ்னி பூங்காவில் பக்ஸ் பன்னியைச் சந்திப்பதுபோல ஒரு போலி விளம்பரத்தைக் காட்டியதும், சிறுவயதில் தாங்களும் அவனோடு கைகுலுக்கியதாகச் சிலர் ‘நினைவுகூர்ந்தார்கள்’. பக்ஸ் பன்னி வார்னர் பிரதர்ஸ் முயல். டிஸ்னி வாசலுக்குள் அவனுக்கு இடமே கிடையாது.

மற்ற மூன்று பூங்காக்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அனிமல் கிங்டமின் சஃபாரி வண்டிக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை, நிஜ ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கிற குழந்தைக்கு விளக்கமும் தேவையில்லை. நேரமிருந்தால் ஒரு காலை அதற்குக் கொடுக்கலாம். எப்காட்டும் ஹாலிவுட் ஸ்டுடியோஸும் பெரிய பிள்ளைகளுக்கு. நான்கு நாளில் நான்கு பூங்கா என்று விற்கப்படும் தொகுப்பு, ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டுக்கு எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தேறவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: மேஜிக் கிங்டம் மட்டும், குழந்தைக்கு நான்கரையிலிருந்து ஆறு வயதுக்குள், உயரம் ஒரு மீட்டரைத் தாண்டியபின், நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவே பள்ளி விடுமுறை அல்லாத ஒரு வாரத்தில். கதவு திறக்குமுன் வாசலில் நிற்க வேண்டும், மதியச் சாப்பாட்டோடு வெளியேற வேண்டும். தெம்பிருந்தால் அதே டிக்கெட்டில் மாலை திரும்பி வரலாம், கட்டாயமில்லை. மல்டி பாஸ் வேண்டாம். மூன்று வயதுக்குள் இலவச நுழைவு என்பதற்காக மட்டும் போவதை நான் ஏற்கவில்லை: குழந்தை டிக்கெட்டில் மிச்சமாகும் தொகையைக் குடும்பத்தின் மற்ற டிக்கெட்டுகளும் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் எளிதாக விழுங்கிவிடும். நான்கரை வயதில் கிடைப்பதில் கால்வாசிகூட அந்தக் குழந்தைக்கு அப்போது கிடைக்காது. தாத்தா பாட்டியின் விசா இந்தக் கோடையோடு முடிகிறது, மறுபடி வருவார்களோ மாட்டார்களோ என்கிற வீட்டில் மட்டும் இந்தத் தீர்ப்பு செல்லாது. அங்கே போக வேண்டியவர்கள் அவர்கள். குழந்தை கூடப் போகிறது.