கைப்பக்குவம் யாருடைய சொத்து?

முகாமைத்துவப் புத்தகங்களை எங்கள் வட்டங்களில் யாரும் மதிப்பதில்லை. முதலாளிகளுக்கான சமையற்குறிப்பு என்று ஒதுக்கிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இக்குஜிரோ நொனாக்கா, ஹிரோதக்கா தக்கேயுச்சி ஆகிய இரு யப்பானியப் பேராசிரியர்கள் எழுதி 1995இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'அறிவை உருவாக்கும் நிறுவனம்' என்ற நூலைப் பிந்தித்தான் வாசித்தேன். நிறுவனங்களுக்குள் அறிவு எப்படிப் பிறக்கிறது, எப்படிக் கைமாறுகிறது என்பது குறித்து இன்றுவரை அதிகம் பேசப்படும் நூல் இது. இதை ஒதுக்குவதும் தவறு, அப்படியே ஏற்பதும் தவறு என்று எனக்குப்படுகிறது.

நூலின் அடிப்படை எளிமையானது. வேலை செய்பவரின் அறிவில் பெரும்பங்கு அவரது கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. கேட்டால் அவராலேயே அதைச் சொல்லமுடியாது. இந்தக் கருத்தை நொனாக்கா மைக்கல் பொலான்யியிடமிருந்து எடுத்துக்கொள்கிறார். பொலான்யி ஹங்கேரியில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பேர்லினை விட்டு மன்செஸ்ரருக்குப் போன இரசாயனவியலாளர். அவர் தத்துவமாகச் சொன்னதை எங்கள் அம்மாமார் 'கைப்பக்குவம்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள். நொனாக்கா இதற்கு நான்கு படிகளைச் சேர்க்கிறார்: கூட இருந்து பழகுதல், பழகியதைச் சொல்லாக்குதல், சொன்னவற்றை ஒன்றுசேர்த்தல், சேர்த்ததை மறுபடி கைக்குள் இறக்குதல்.

இதற்கு நூல் தரும் பிரபலமான உதாரணம் பாண் சுடும் இயந்திரம். மற்சுஷித்தா நிறுவனம் (இன்றைய பனசோனிக்) 1980களின் நடுப்பகுதியில் வீட்டிலேயே பாண் சுடும் இயந்திரமொன்றைச் செய்ய முயன்றது. பாணின் மேற்பக்கம் கருகியது, உள்ளே வேகவில்லை. இக்குக்கோ தனாக்கா என்ற மென்பொருள் வல்லுநர் ஒசாக்காவின் பெரிய ஹோட்டலொன்றில் தலைமைப் பாண்காரரிடம் போய்த் தொழில் பழகினார். மாவை இழுக்கும்போது அவர் கூடவே ஒரு முறுக்கும் முறுக்குகிறார் என்பதைக் கண்டுகொண்டார். அந்த முறுக்கைத் தருவதற்காக இயந்திரத்தின் உட்புறத்தில் விலா எலும்புபோலச் சில வரிகள் சேர்க்கப்பட்டன. 1987இல் சந்தைக்கு வந்த இயந்திரம் முதல் வருடமே விற்பனையில் சாதனை படைத்தது.

தனாக்காவுக்குக் கதையில் பெயர் உண்டு. பாண்காரருக்குப் பெயர் இல்லை. அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் இல்லை. இதற்கு நூல் வைக்கும் பெயர் 'பகிர்தல்'.

நானும் ஒரு பெயரில்லாத பாண்காரன்தான். பரிஸில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, சில வருடங்களில் அடுப்படிக்கு வந்தவன். முதலாளி இரண்டாவது கடை திறந்தபோது, நான் செய்யும் சோஸ்களை அளவு, நேரம், சூடு எல்லாவற்றோடும் ஒரு கொப்பியில் எழுதித் தரச்சொன்னார். பெருமையோடுதான் எழுதினேன். கொப்பி முடிந்து இரண்டு மாதத்தில் எனது வேலைநேரம் பாதியாகியது. அந்தக் கொப்பியைப் பார்த்து என்னைவிடக் குறைந்த சம்பளத்துக்கு நின்று சமைத்தவரும் ஒரு தமிழ்ப் பெடியன்தான். அவனை நான் எப்படிக் கோபிப்பது?

1911இலேயே பிரெடரிக் ரெய்லர் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: தொழிலாளர்களிடம் உள்ள பரம்பரை அறிவை முகாமையாளர் திரட்டி, வகைப்படுத்தி, விதிகளாக்க வேண்டும். செப்புத் தொழிலாளியாக இருந்த ஹரி பிரேவர்மன் 1974இல் இதன் உட்பொருளைக் காட்டினார்: அறிவு கையைவிட்டுப் போனபின் தொழிலாளி மலிவாகிவிடுகிறார். நொனாக்கா ரெய்லரைக் கண்டிக்கிறார், தொழிலாளியைப் புதிய அறிவின் ஊற்றாக அவர் காணவில்லை என்று. நியாயமான கண்டனம். ஆனால் ஊற்றைக் கண்டவர் அது யாருடைய காணியில் இருக்கிறது என்று கேட்கவில்லை.

வேறு வழியும் உண்டு. ஸெரொக்ஸ் நிறுவனத்தின் போட்டோக்கொப்பி இயந்திரங்களைத் திருத்துபவர்களோடு கூடத்திரிந்த ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் 1996இல் ஒரு நூல் எழுதினார். கைநூலில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகள் மூலமே தீர்க்கிறார்கள் என்று அதில் காட்டினார். அந்த நிறுவனம் 'யுரேக்கா' என்ற ஏற்பாட்டைச் செய்தது. அது முதலில் பயன்பட்டது இங்கே பிரான்சில்தான். திருத்துபவர் எழுதும் குறிப்பைச் சக திருத்துபவர்களே சரிபார்ப்பார்கள். குறிப்போடு எழுதியவரின் பெயரும் போகும். நிறுவனம் இதிலும் இலாபம் கண்டது, மறுக்கவில்லை. ஆனாலும் பெயர் அழியவில்லை, சரிபிழை சொல்லும் உரிமை செய்பவர்களின் கையிலேயே இருந்தது.

இதையெல்லாம் முதலாளிகளுக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பமுடியாது. நமது சங்கங்களையும் சஞ்சிகைகளையும் பாருங்கள். சந்தா விலாசங்கள் ஒருவரது கொப்பியில். வங்கிக் கணக்கு இன்னொருவரது தலைக்குள். அகதி விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்பது மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த வித்தை. ஒருவர் கோபித்துக்கொண்டு போனால் சஞ்சிகை நின்றுவிடுகிறது. எத்தனை இதழ்களை இப்படிப் புதைத்திருக்கிறோம்!

சமையற்காரன் தன் கைப்பக்குவத்தைச் சொல்லாமல் வைத்திருப்பதும், செயலாளர் கணக்குக் கொப்பியைக் காட்டாமல் வைத்திருப்பதும் முகாமைத்துவ மொழியில் ஒன்றுதான்: 'பகிர்வுக்குத் தடை'. எனக்கு அவை ஒன்றல்ல. முதலாமவனுக்கு மௌனம் தற்காப்பு; அதை விட்டால் அவனிடம் வேறொன்றும் மிஞ்சாது. இரண்டாமவருக்கு மௌனம் அதிகாரம். முதலாமவனைப் பேசச்சொல்லுமுன் அவனது பெயருக்கும் வேலைக்கும் உத்தரவாதம் கொடுக்கவேண்டும். இரண்டாமவரிடம் கொப்பியை மேசையில் வைக்கச்சொல்வதற்கு எந்த உத்தரவாதமும் தேவையில்லை.

நொனாக்கா 2025இல் காலமானார். கூட இருந்து பழகாமல் அறிவு கைமாறாது என்பதை அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் விலாசக் கொப்பியையும் கணக்கையும் குறைந்தது இரண்டு இளையவர்களிடம் கொடுத்து, ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பழக்குவோம். கொப்பியின் முதற்பக்கத்தில் அதுவரை அதை எழுதியவர்களின் பெயர்களும் இருக்கட்டும்.