பிசாசு எழுதிய வார தியானம்

ஞாயிறு தியானக் கட்டுரைகளைப் பெரும்பாலும் இரண்டாம் பத்தியிலேயே மூடிவிடுவேன். ஒரு வசனம், ஒரு குட்டிக்கதை, ஒரு ஜெபம். எழுதுபவர் ஏற்கெனவே கரையேறிவிட்டார். நாம்தான் இன்னும் தத்தளிக்கிறோம்.

சி.எஸ். லூயிஸின் 'ஸ்க்ரூடேப் கடிதங்கள்' இதைத் தலைகீழாக்கியது. 1941 மே முதல் நவம்பர் வரை 'தி கார்டியன்' என்ற ஆங்கிலிக்கன் வார இதழில் (இன்றைய நாளிதழ் இல்லை, அது வேற) 31 கடிதங்களாக வந்தது. ஒரு மனிதனை எப்படிக் கெடுப்பது என்று மூத்த பிசாசு தன் மருமகப் பிசாசுக்குச் சொல்லித்தருகிறது. போர்க்காலம்தான். ஆனாலும் ஸ்க்ரூடேப்பின் கண் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. அம்மாவும் மகனும் வெறும் குரல் தொனியாலேயே ஒருவரையொருவர் எரிச்சலூட்டுகிறார்கள். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் டீயும் ஒரு துண்டு டோஸ்ட்டும் போதுமாம், ஆனால் பக்குவம் மட்டும் தப்பக்கூடாது. குறைவாகக் கேட்டு வீட்டையே ஆட்டிவைப்பதும் பெருந்தீனிதான் என்கிறார் லூயிஸ். 'எனக்கு ஒன்னும் வேணாம்பா, ஒரு தே ஓ போதும்' என்று சொல்லும் ஆள் நம்ம வீட்டிலும் உண்டுதானே?

இந்த ஆலோசனைகள் சாத்தானியமாக இருக்கின்றன என்று ஒரு பாதிரியார் சந்தாவையே நிறுத்தினாராம்!

குறை இல்லாமல் இல்லை. அந்த மனிதனின் காதலி அட்டைப்பொம்மைதான். நல்லவர்களை எழுதும்போது லூயிஸுக்கும் கை தடுமாறுகிறது. அது அவருக்கும் தெரியும். காவல் தூதனுக்கு ஒரு பிரதான தூதன் எழுதும் கடிதங்களும் வேண்டும் என்று பின்னாளில் ஒரு முன்னுரையில் சொன்னவர், அந்த நடை யாருக்கு வரும் என்று விட்டுவிட்டார். நம்ம ஞாயிறு எழுத்தாளர்கள் வாராவாரம் அதைத்தான் எழுதப் பார்க்கிறார்கள்.