காற்றின் தாமதமும் கலைஞரின் தாமதமும்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். விடிய விடிய நடக்கும் அந்த ஆட்டத்தை ஒழுங்காகப் பதிவு செய்ய ஒரே ஒரு மைக் போதாது. மிருதங்கத்துக்கு ஒன்று, முகவீணைக்கும் ஆர்மோனியத்துக்கும் ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, மொத்தக் களத்தையும் வாங்க எட்டத்தில் ஒன்று என்று தனித்தனி டிராக்காக எடுக்க வேண்டும். பிறகு அவற்றைக் கணினியில் அடுக்கிப் பொருத்த வேண்டும். கேட்பவர் உணராதபடி நடக்கும் அந்தப் பொருத்தத்தில் எத்தனை நயம் இருக்கிறது!

மிருதங்கத்தின் ஒரே ஒரு தட்டைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்து மைக்கின் டிராக்கில் அலை செங்குத்தாக எழுகிறது. ஆறு மீட்டர் தள்ளி நின்ற மைக்கில் அதே தட்டு சற்றுப் பிந்தி, முனை மழுங்கி எழுகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் ஆறு மீட்டர் தூரம் என்பது சுமார் 835 மாதிரிகள். மைக் எங்கே நின்றது என்பதை அலையே சொல்லிவிடுகிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? இரண்டு மைக்குகளின் தூரத்தில் வெறும் 35 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே ஒரு மில்லி நொடி பிசகும். இரண்டையும் சம வலுவில் கலந்தால் 500 ஹெர்ட்ஸ் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 1,500, 2,500 என்று மேலேயும் பள்ளம் விழும். மிருதங்கத் தொப்பியின் கனத்த நாதம் தகரத்தைத் தட்டியதுபோல் ஆகிவிடும். டிராக்கை மயிரிழை நகர்த்தியதும் அந்த நாதம் மீண்டு வருவதைக் கேட்பது தனி இன்பம்.

இரண்டு தனி ரெக்கார்டர்களில் எடுத்திருந்தால் இன்னொரு நுட்பம் உண்டு. அவற்றின் உள் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபட்டால்கூட ஒரு மணி நேரத்தில் 36 மில்லி நொடி விலகும். எட்டு மணி நேரக் கூத்தில் அது கால் நொடியையும் தாண்டும். தொடக்கத்தில் கச்சிதமாகச் சேர்ந்த தாளம் விடியற்காலைப் படுகளக் காட்சியில் இரண்டாகக் கேட்கும். ஆரம்பத்திலும் முடிவிலும் ஒவ்வொரு கைதட்டல் பதிவாகியிருந்தால், இரண்டையும் பொருத்தி ஒரு டிராக்கை இம்மியளவு இழுத்துச் சரிசெய்துவிடலாம்.

எடிட்டரின் ரசனைக்குச் சோதனை இதற்குப் பிறகுதான். வேஷக்காரர் அடியின் கடைசிச் சொல்லை நீட்டிக்கொண்டிருக்கும்போதே பின்பாட்டுக்காரர் அதை வாங்கிக்கொள்வார். அடவின் முடிவில் மிருதங்கம் ஆடுபவரின் காலுக்காக ஒரு கணம் காத்திருக்கும். மென்பொருளில் கட்டம் போட்டு எல்லாத் தட்டையும் கோட்டில் நிறுத்த வசதி இருக்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தினால் காத்திருந்த கணம் போய்விடும்; கூத்தும் போய்விடும். பின்பாட்டு மைக்கில் வேஷக்காரர் குரலும் தூரத்திலிருந்து கசிந்திருக்கும். அந்தக் கசிவைச் சரிசெய்ய டிராக்கை முன்னே இழுத்தால், பின்பாட்டுக்காரர் வாங்கிய இடமே மாறிவிடும். நல்ல எடிட்டர் அங்கே கை வைக்கமாட்டார்.

களத்து மைக்கின் தாமதத்தைக்கூட எப்போதும் திருத்த வேண்டியதில்லை. முதல் ஒலியைத் தொடர்ந்து சுமார் 30 மில்லி நொடிக்குள் வரும் அதன் மறுஒலியைக் காது தனியாகப் பிரிக்காது என்று 1949-இல் ஹெல்முட் ஹாஸ் தம் ஆய்வில் காட்டினார். தூரத்து டிராக்கின் சத்தத்தை அடக்கி, பிந்தியபடியே விட்டால் திறந்தவெளியின் அகலம் காதுக்குக் கிடைக்கும். காற்றின் தாமதத்தைத் திருத்துவது எடிட்டரின் உரிமை, விட்டுவைப்பது அவர் ரசனை. கலைஞரின் தாமதத்தைத் தொட அவருக்கு உரிமையே இல்லை.

இந்த வேலைக்குப் பெரிய ஸ்டுடியோ வேண்டாம். 2000-இல் வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசம்தான். உங்கள் ஊர்க் கூத்தைக் கைபேசியில் பதிவு செய்பவராக இருந்தால், முதலிலும் கடைசியிலும் எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும்படி ஒரு முறை ஓங்கிக் கைதட்டுங்கள். வெட்டாத மூலப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்.