கருவி மாறியது, உடைமை மாறியதா?
ஜேர்மன் தொலைக்காட்சித் தொகுப்பாளரின் நேரலைப் பயணம் பற்றிய ஒரு நோக்கு

1

கலைஞனுக்கும் சுவைஞருக்கும் இடையேயுள்ள உறவு, அவ்வுறவை நிகழ்த்தித்தரும் சாதனம் யாருடைய உடைமை என்பதனாற் பெரிதும் நிர்ணயிக்கப்படுகின்றது. அச்சியந்திரத்தின் வரலாறும் சினிமாவின் வரலாறும் இதனை முன்னரே உணர்த்தியுள்ளன. தொலைக்காட்சியை விட்டு இணையவழி நேரலைக்குச் சென்ற நிகழ்ச்சித் தொகுப்பாளர்களின் அனுபவம், இவ்வுண்மையைப் புதியதொரு களத்தில் வைத்து ஆராய வாய்ப்பளிக்கின்றது. அவ்வகையில் ஜேர்மனியின் டானியல் பூடிமான், ஸீமோன் கிரெட்ச்மர் ஆகிய இருவரின் தொழில்வாழ்க்கை தனித்த கவனத்துக்குரியது.

இவ்விருவரும் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசியே புகழீட்டியவர்கள். இக்காரணத்தினால் இவர்களது முயற்சிகள் ஆய்வுக்குரியன அல்ல என்று ஒதுக்குவோர் உளர். மறுபுறம், அலைவரிசை முதலாளிகளின் பிடியிலிருந்து கலைஞன் விடுபட்டுவிட்டான் என்று இம்மாற்றத்தைக் கொண்டாடுவோரும் உளர். முதற் சாரார் விடயத்தின் எளிமையைக் கண்டு முகஞ்சுளிக்கின்றனர். இரண்டாஞ் சாரார் கருவியின் புதுமையைக் கண்டு மயங்குகின்றனர். உடைமை பற்றிய வினாவை இரு சாராருமே எழுப்புவதில்லை.

2

வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1998ஆம் ஆண்டு நவம்பரில் என்.பி.சி. யூரோப் அலைவரிசையில் ‘கிகா’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. டுஸல்டோர்ஃப் நகரிலிருந்து நாள்தோறும் பல மணிநேரம் நேரடியாக ஒளிபரப்பான இந்நிகழ்ச்சியின் சிறப்பு, பார்வையாளர் இணையத்தின் வழியே அதிற் குறுக்கிட முடிந்தமையாகும். நேரலைக்குரிய இயல்பு எனப் பின்னாளிற் பேசப்பட்ட பண்பு, தொலைக்காட்சியின் மடியிலேயே பிறந்ததென்பது மனங்கொளத்தக்கது. பூடிமானும் கிரெட்ச்மரும் கிகாவின் விளையாட்டுப் பகுதியிலேயே தொகுப்பாளர்களாக அறிமுகமாயினர்.

2006ஆம் ஆண்டு இருவரும் எம்.ரி.வி.க்குச் சென்று ‘கேம் வண்’ என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கினர். 2011 ஜனவரியில் எம்.ரி.வி. ஜேர்மனியிற் கட்டண அலைவரிசையாயிற்று. அதே ஆண்டில் இவ்விருவரும், கிகாவில் இவர்களோடு பணியாற்றிய எற்றியென் கார்டே, நில்ஸ் பொம்ஹோஃப், ஆர்னோ ஹைனிஷ் ஆகியோரும் சேர்ந்து ஹம்பேர்க் நகரில் ‘ரொக்கெட் பீன்ஸ்’ என்னும் தயாரிப்புக் கம்பனியை நிறுவினர். எம்.ரி.வி., வீவா ஆகிய இரு அலைவரிசைகளும் வியாக்கொம் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் உடைமைகளாயிருந்தன. அந்நிறுவனத்தின் தீர்மானப்படி 2014ஆம் ஆண்டின் இறுதியில் ‘கேம் வண்’ நிறுத்தப்பட்டது.

2015 ஜனவரி 15ஆந் திகதி, இக்குழுவினர் ருவிச் தளத்தில் இருபத்துநான்கு மணிநேர ஒளிபரப்பைத் தொடங்கினர். இவர்களை வெளியேற்றிய வீவா அலைவரிசை 2018 இறுதியில் தானே மூடப்பட்டது. கைவிடப்பட்டவர்கள் நிலைத்தனர், கைவிட்டது மறைந்தது என்று இதனை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிவிடலாம். ஆயின் 2014 ஓகஸ்ற் மாதத்தில் நிகழ்ந்த வேறொன்றையும் உடன்வைத்து நோக்குதல் தகும். ஏறக்குறைய 97 கோடி டொலருக்கு அமேசன் நிறுவனம் ருவிச் தளத்தை வாங்கியமையே அதுவாகும். தொகுப்பாளர்கள் ஓர் ஏகபோக நிறுவனத்தின் வாயிலைக் கடந்து வெளியேறியபொழுது, அவர்கள் அடியெடுத்து வைத்த நிலமும் இன்னோர் ஏகபோக நிறுவனத்தின் நிலமாகவே இருந்தது.

3

இச்சிக்கலை விளங்கிக்கொள்வதற்கு ஜேர்மன் மார்க்சியச் சிந்தனை மரபே நமக்குத் துணைபுரிகின்றது. பேர்ட்டோல்ட் பிரெக்டை நாடகாசிரியராகவே நம்மவர் பெரிதும் அறிவர். அவர் 1932இல் வானொலி பற்றி ஆற்றிய உரை, வெகுசனத் தொடர்பு பற்றிய முற்போக்குச் சிந்தனையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகும். வானொலி ஒருபக்கமாக விநியோகிக்கும் கருவியாக உள்ளது. அதனை இருபக்கமும் பேசுகின்ற தொடர்பாடற் கருவியாக மாற்றல் வேண்டும். கேட்போன் உற்பத்தி செய்வோனும் ஆதல் வேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். 1929இல் பாடன்-பாடன் இசைவிழாவில் அரங்கேறிய அவரது விமானப் பயண வானொலி நாடகத்திலே, விமானியின் பாத்திரம் கேட்போனுக்கே விடப்பட்டிருந்தது.

நேரலையின் வெளித்தோற்றம் இக்கனவின் நிறைவேற்றம் போலவே உள்ளது. தொகுப்பாளர் பேசுகின்றார், திரையின் ஓரத்தில் ஓடும் எழுத்துரையாடலிற் பார்வையாளர் உடனுக்குடன் மறுமொழி தருகின்றனர், தொகுப்பாளர் அதனை வாசித்து மீண்டும் பேசுகின்றார். 1970இல் ஹான்ஸ் மாக்னுஸ் என்சென்ஸ்பேர்கர், மின்னணுச் சாதனங்களின் தொழில்நுட்பத்திலேயே இருவழித் தொடர்புக்கான ஆற்றல் பொதிந்துள்ளது என்றும், ஆளும் வர்க்கமே அதனைத் தடுத்துவைத்துள்ளது என்றும் வாதிட்டார். இன்று அத்தடை அகன்றுவிட்டதா? தடை அகற்றப்படவில்லை, அதன் வாயிலில் ஒரு சுங்கச்சாவடி அமைக்கப்பட்டுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

4

முதலில் உருவத்தை நோக்குவோம். ‘கேம் வண்’ தொகுத்துச் செப்பனிடப்பட்ட குறுநிகழ்ச்சி. ஒரு விளையாட்டின் விமர்சனத்தைச் சிறு நகைச்சுவை நாடகமாக்கும் ஆற்றல் அதன் ஆசிரியர்களிடம் இருந்தது. வணிகப் பண்டமொன்றைப் பற்றிப் பேசும்போதே அப்பண்டத்தை எள்ளிநகையாடும் விலகல் அதிற் காணப்பட்டது. இருபத்துநான்கு மணிநேர நேரலையோ காலத்தை நிரப்பியாக வேண்டிய கட்டாயத்துக்கு உட்பட்டது. அங்கே செப்பனிடலின் இடத்தை உரையாடலும், படைப்பின் இடத்தைப் படைப்போனின் ஆளுமையும் பெற்றுக்கொள்கின்றன. தொகுப்பாளரின் களைப்பு, கோபம், நட்பு, நினைவு யாவும் நிகழ்ச்சியின் மூலப்பொருள்களாகின்றன. தொலைக்காட்சியில் வேலைநேரத்துக்கும் வாழ்வுக்கும் இடையே இருந்த எல்லை இங்கு மங்கிவிடுகின்றது.

எனினும் இவ்வுருவத்தின் ஆக்கபூர்வமான கூறுகளை மறுத்தலாகாது. மேசையைச் சுற்றியமர்ந்து மணிக்கணக்காகக் கதைபுனையும் இவர்களது பாத்திரமேற்பு விளையாட்டு நிகழ்ச்சிகள், தொலைக்காட்சியின் அவசரத்தில் இடம்பெற முடியாத வாய்மொழிக் கதைகூறலுக்கு மீண்டும் இடமளித்தன. ‘சாட் டுவல்’ என்னும் போட்டி நிகழ்ச்சியிலே, பார்வையாளர் அளித்த விடைகளை ஊகிப்பதே போட்டியாளரின் பணி. பார்வையாளரின் கூட்டுமனமே இங்கு நிகழ்ச்சியின் பொருளாகின்றது.

ஆயின் பார்வையாளர் இங்கு விடையளிக்கின்றனரேயன்றி வினாக்களை வகுப்பதில்லை. பிரெக்டின் வானொலி நாடகத்திலே கேட்போனின் பங்கேற்பு கூட்டாகக் கற்றல் என்னும் நோக்குக்கு உட்பட்டிருந்தது. நேரலையிற் பங்கேற்பே நோக்கமாகிவிடுகின்றது. அன்றியும், பல்லாயிரவர் ஒருங்கே எழுதும்போது எழுத்துரையாடல் வாசிக்க இயலாத வேகத்தில் ஓடுகின்றது. அவ்வெள்ளத்தில் ஒருவரது சொல் நிலைத்து நிற்பதற்கு நேரலைத் தளங்கள் ஒரு வழியை வகுத்துள்ளன: பணத்தோடு அனுப்பப்படும் செய்தி தனித்துக் காட்டப்படுகின்றது. கேட்போன் பேசலாம் என்ற உரிமை, விலைகொடுப்போன் கேட்கப்படுவான் என்ற சலுகையாகச் சுருங்குகின்றது.

5

அடுத்து உற்பத்தி உறவுகள். 1934இல் எழுதிய உரையொன்றில் வால்ற்றர் பென்ஜமின், ஒரு படைப்பு தன் காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன சொல்கின்றது என்று வினவுமுன், அவ்வுறவுகளுக்குள் அது எங்கே நிற்கின்றது என்று வினவுமாறு வேண்டினார். தாமே 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் பேர்ளின், ஃபிராங்க்ஃபேர்ட் வானொலிகளில் உரையாற்றியவராதலின், இவ்வினாவின் கனதியை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

அவ்வினாவை இங்கும் எழுப்புவோம். ரொக்கெட் பீன்ஸ் குழுவினர் ஒளிப்பதிவுக் கருவிகளுக்கும் கலையகத்துக்கும் தாமே பொறுப்பாயினர். ஆயினும் பார்வையாளரைச் சென்றடையும் பாதை அவர்களுடையதன்று. ருவிச் தளத்தில் ஒளிபரப்புவோருக்குரிய பொது வழக்கின்படி, சந்தாப் பணத்திற் பாதி தளத்துக்கே உரியது. சிலருக்கு மட்டும் வழங்கப்பட்டிருந்த எழுபதுக்கு முப்பது என்ற சலுகைக்கு 2022இல் அந்நிறுவனம் ஒருதலையாக உச்சவரம்பு விதித்தது. உழுகருவியும் விதையும் உழைப்பும் குடியானவனுடையன, நிலம் பிறனுடையது, விளைச்சலிற் பாதி நிலத்துக்காரனுக்கு. வாரத்துக்கு விதைக்கும் முறையை அறிந்த எவருக்கும் இவ்வுறவு புதியதன்று. 2016இல் இக்குழுவினர் ருவிச்சை விட்டு யூரியூபுக்குச் சென்றனர். அத்தளம் கூகிள் நிறுவனத்தினது. நிலத்துக்காரனை மாற்றிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது. நிலத்தை உடைமையாக்கிக்கொள்ளும் உரிமை இருக்கவில்லை.

பார்வையாளரின் நிலையும் மாறியுள்ளது. வெகுசனச் சாதனங்கள் விளம்பரதாரருக்கு விற்கும் பண்டம் பார்வையாளரின் கவனமே என்று 1977இல் டலஸ் ஸ்மைத் வாதிட்டார். நேரலையில் அக்கவனம் விற்கப்படுவதோடு, பார்வையாளரின் அன்பும் நன்றியும் நேரடியாகப் பணமாக்கப்படுகின்றன. தாம் நேசிக்கும் தொகுப்பாளருக்கு அளிக்கும் கொடையென்றே இரசிகர் சந்தாவைக் கருதுகின்றார். அக்கொடையின் ஒரு பங்கு அவர் ஒருபோதும் நேசித்திராத நிறுவனமொன்றுக்கு வாடகையாகச் செல்கின்றது.

6

அரசும் சட்டமும் இங்கு வகித்த பங்கு யாது? 1933இன் பின் வானொலி நாசிகளின் கருவியானமையை அனுபவித்த ஜேர்மன் சமூகம், ஒலி, ஒளிபரப்பு அரசின் கைக்குச் செல்லாதவாறு அதனைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்தியது. 2017இல் அந்நாட்டு ஊடக மேற்பார்வை ஆணைக்குழு ‘பீற்ஸ்மீற்’ என்னும் குழுவினரின் தொடர் நேரலைக்கு ஒளிபரப்பு உரிமம் வேண்டும் எனத் தீர்மானித்தது. 2020 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊடக ஒப்பந்தம், சராசரியாக 20,000 பேருக்குக் குறைவானோர் ஒரேவேளையில் நோக்கும் ஒளிபரப்புகளுக்கு உரிமத்திலிருந்து விலக்களித்தது. பெருந்தளங்கள் மீதும் வெளிப்படைத்தன்மை, பாரபட்சமின்மை பற்றிய சில கடப்பாடுகளை அது விதித்தது. இவை வரவேற்கத்தக்கனவே. எனினும் தளத்தின் உடைமை பற்றிய வினா சட்டத்தின் எல்லைக்கு அப்பாலேயே நிற்கின்றது.

இவ்விடத்து மிகவும் படிப்பினை தருவது ‘கேம் ரூ’வின் கதையாகும். வணிகத் தொலைக்காட்சி கைவிட்ட செப்பனிட்ட நிகழ்ச்சி வடிவம், 2016இல் இப்பெயருடன் மீண்டும் தோன்றியது. அதற்கு வாழ்வளித்தது, ஏ.ஆர்.டி., செற்.டி.எஃப். ஆகிய பொது ஒளிபரப்பு நிறுவனங்கள் இணைந்து அவ்வாண்டு ஒக்ரோபரில் தொடங்கிய ‘ஃபுங்க்’ என்னும் இளைஞர் வலையமைப்பாகும். மக்கள் செலுத்தும் ஒளிபரப்புக் கட்டணமே அதன் ஆதாரம். முதலில் அலைவரிசை முதலாளியின் இலாபக் கணக்கில் தோற்று, பின் நேரலையின் ஓய்வற்ற ஓட்டத்தில் தனக்கென இடம்பெறாத ஓர் உருவத்தை, பொதுப்பணம் மீட்டது. ஆயின் அப்பொதுப்பணத்தில் உருவான நிகழ்ச்சியும் பெரும்பாலும் யூரியூபின் வழியாகவே மக்களைச் சென்றடைந்தது. படைப்பைப் பொதுவுடைமையாக்கிய சமூகம், பாதையைத் தனியுடைமையாகவே விட்டுவைத்தது.

பூடிமானும் கிரெட்ச்மரும் நாடிச்சென்ற விடுதலை போலியானதன்று. ஒரு நிறுவனத்தின் ஒற்றைத் தீர்மானத்தால் அழிந்திருக்க வேண்டிய ஒரு கூட்டுழைப்பைப் பார்வையாளரின் துணையோடு அவர்கள் காத்துக்கொண்டனர். தொகுப்பாளரும் பார்வையாளரும் இடைநிலை அதிகாரியின்றி ஒருவரையொருவர் அறிந்துகொள்ள முடியும் என்பதை அவர்களது அனுபவம் நிறுவியுள்ளது. ஆனால் அவ்வுறவு நிகழும் நிலம் அவ்விரு சாராருக்கும் உரியதாகும்வரை, பிரெக்டின் கோரிக்கை நிறைவேறியதாகக் கொள்ளுதல் இயலாது. நேரலையை இகழ்வதோ வியப்பதோ விமர்சனத்தின் பணியாகாது. யார் பேசுகின்றார், யார் கேட்கின்றார் என்பவற்றோடு, வாடகை யாருக்குச் செல்கின்றது என்பதையும் வினவுதலே அதன் பணியாகும்.