பின் ஆக்ஸிலுக்கு ஒரு பூட்டு

நடுநிலையான கட்டுரை வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். பதினோரு நாளாக நான் தூக்கத்தில்கூட அந்தச் சின்னப் பொத்தானைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு சாம்பாரில் ஆரம்பித்தாலும் சொந்தக்காரர் கல்யாணத்தில் ஆரம்பித்தாலும் அதைப் பின் ஆக்ஸிலில் கொண்டுபோய்த்தான் முடிக்கிறேன் என்று வீட்டில் புகார். உண்மைதான். என்ன செய்ய, விஷயம் அப்படி!

முதலில் இடத்தைப் பாருங்கள். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி. சுற்றிலும் காப்பி, மிளகு, மலைவாழை. எங்கள் தோட்டத்துக்குள் போகிற மண்பாதையில் ஒரு இடம் உண்டு. ஏற்றம், வளைவு, குறுக்கே மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட ஓடை, மூன்றும் ஒரே இடத்தில். ஐப்பசி அடைமழையில் அந்தச் செம்மண் வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். நடந்தால் செருப்பு அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் முன்னால் போய்விடுவான்.

என்னிடம் இருப்பது 2017-ல் வாங்கிய டபுள் கேபின் பிக்கப். ஃபோர் வீல் டிரைவ், லோ கியர் எல்லாம் உண்டு, அதை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். ஆனால் அந்த வளைவில் என்ன நடக்கும் தெரியுமா? இடது பின் சக்கரம் ஓடைமேல் அந்தரத்தில் தொங்கும், வலது முன் சக்கரம் சேற்றில் புதையும், அவ்வளவுதான். அந்த இரண்டும் விர்ர்ரென்று சுழன்று சேற்றை வாரி அடிக்க, கெட்டியான தரையில் நிற்கிற மற்ற இரண்டும் கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட மாமா மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். நாலு சக்கர வண்டி என்று பேர், வேலை செய்வது ஒன்றும் இல்லை.

டிஃபரன்ஷியலின் குணம் அது. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. மாட்டுவண்டியில் அச்சு சும்மா நிற்கும், சக்கரங்கள் அதனதன் போக்கில் சுற்றும், சிக்கலே கிடையாது. இன்ஜின் பலத்தைச் சக்கரத்துக்கு அனுப்பும்போதுதான் நடுவில் இந்தப் பல்சக்கரக் கூட்டம் தேவைப்படுகிறது. இரண்டு பக்கமும் வேகம் வேறாக இருக்கலாம், ஆனால் திருகுவிசை சமமாகத்தான் பிரியும். அந்தரத்தில் தொங்கும் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு விசை வேண்டும்? ஒன்றுமே வேண்டாம். அப்படியானால் தரையில் நிற்கிற சக்கரத்தின் பங்கும் அதே ஒன்றுமில்லாததுதான். தார் ரோட்டில் இது தங்கமான குணம். சேற்றில்? கேட்காதீர்கள்.

இதற்கு மருந்து இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றவைக்கிற பூட்டுதான் என்று தெரிந்தும் இரண்டு வருடம் யோசித்தேன். 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸில் பின் டிஃபரன்ஷியல் லாக் கம்பெனியிலிருந்தே வருகிறது. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னாலும் பின்னாலும் உண்டு. என் வண்டியில் இல்லை. போடலாமா, வேண்டாமா? முன்னாலா, பின்னாலா? தானாகப் பூட்டிக்கொள்கிற வகையா, நாம் சொன்னால் பூட்டுகிற வகையா? காற்றா, மின்காந்தமா? அந்தப் பணத்துக்கு நல்ல மட் டயர் வாங்கலாமே? வாங்கினேன். அருமையான டயர். ஆனால் அந்தரத்தில் தொங்குகிற டயர் எவ்வளவு நல்ல டயராக இருந்து என்ன பிரயோஜனம்!

கடைசியில் என் மண்டையில் தட்டியது பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்தான். மூன்றாவது தடவையாக நான் அந்த வளைவில் காப்பிப் பழ மூட்டைகளோடு மாட்டிக்கொண்டு நிற்க, அந்த அண்ணன் சங்கிலியோடு வந்தார். "என்னா தம்பி, மறுபடியுமா?" இழுக்க ஆரம்பித்ததும் அவருடைய டிராக்டருக்கே ஒரு பக்கப் பெரிய சக்கரம் வழுக்கிச் சுழன்றது. சரி, இரண்டு பேரும் இன்றைக்கு இங்கேதான் என்று நான் நினைக்க, அவர் வலது குதிகாலால் எதையோ மிதித்தார். டிராக்டர் ஒரு குலுங்கு குலுங்கி, இரண்டு சக்கரமும் ஒன்றாகக் கடித்துப் பிடித்து, என்னையும் மூட்டைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டது! இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். குதிகாலுக்குக் கீழே ஒரு சின்னப் பெடல், பெயின்ட் எல்லாம் போய் வெள்ளிக்காசு மாதிரி தேய்ந்து மின்னியது. டிஃபரன்ஷியல் லாக். "சேத்துல உழுற வண்டிக்கு இது இல்லாம எப்படித் தம்பி? இதுக்கா ரெண்டு வருசமா மண்டைய ஒடைக்கிறீக?" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்தேன். பின்னால் மட்டும், காற்றில் பூட்டுவது, நான் சொன்னால் மட்டும் பூட்டுவது. ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னால்தான் சாய்கிறது, அதனால் பலனும் அங்கேதான் அதிகம். முன்னால் போட்டால் ஸ்டியரிங் இறுகும், முன் ஆக்ஸில் ஜாயின்ட்டுகளுக்கும் பாரம் கூடும். தானாகப் பூட்டுகிற வகையை வைத்துக்கொண்டு மழை நேரத்தில் வத்தலக்குண்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் மெல்போர்னில் 1975-ல் தொடங்கிய ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஏர் லாக்கர். கம்ப்ரஸர், கூலி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. "வண்டிக்கு ஒட்டியாணம் போட்டாச்சா?" என்று கேட்டாள் மனைவி. போட்டாச்சு!

பொருத்துகிற வேலையையும் இரண்டு நாள் கூடவே நின்று பார்த்தேன், பட்டறைக்காரர் என்னை எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. ஹவுசிங்கைப் பிரித்து, கிரவுன் வீலின் பல்லில் மஞ்சள் பசை தடவி, பினியனைக் கையால் சுற்றி, பசை எங்கே தேய்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஷிம் மாற்றி, மறுபடி தடவி, மறுபடி சுற்றி... நடுப்பல்லில் பிசகாமல் தடம் விழுகிறவரைக்கும் அந்த மனுஷன் விடவில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டால் வண்டி ஊளையிட ஆரம்பிக்கும், அதனால் பொறுமையான ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.

இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கார்த்திகை மாதக் காலை, ராத்திரி முழுக்கப் பெய்து ஓய்ந்த மழை, மிளகுக் கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், நனைந்த மண்ணும் டீசலும் கலந்த வாசனை, பின்னால் மூட்டைகள், பக்கத்தில் பள்ளிக்கூடம் லீவு விட்ட மகள். அதே வளைவு. வேண்டுமென்றே அதே தடத்தில் விட்டேன். இடது பின் சக்கரம் தூக்கியது, வலது முன் சக்கரம் புதைந்தது, வழக்கமான அந்த விர்ர்ர், வண்டி நின்றது. "அப்பா, டிராக்டர் மாமாவைக் கூப்பிடட்டுமா?" என்றாள். இரு என்று சொல்லி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், சுழல்கிற சக்கரம் நிற்கட்டும், சுழலும்போது பூட்டினால் பல் தெறித்துவிடும். பொத்தானை அமுக்கினேன். சீட்டுக்கு அடியில் கம்ப்ரஸர் டுர்ர்ர் என்றது, எங்கோ பின்னால் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், கதவுக்குத் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி, டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது, கிளட்சை மெதுவாக விட்டேன், ஆக்ஸிலரேட்டரைத் தொடக்கூட இல்லை, நம்புங்கள், தொடவே இல்லை, வண்டி ஒரு மூச்சு வாங்கி, அந்த வலது பின் சக்கரம், இரண்டு வருடமாகக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே மாமா, எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொத்த வண்டியையும் தோளில் தூக்கின மாதிரி ஒரு தள்ளு தள்ள, தொங்குகிற சக்கரமும் அதே வேகத்தில் சமர்த்தாக அவர் கூடவே சுற்ற, சேறு தெறிக்காமல், இன்ஜின் கத்தாமல், கோயில் யானை படியேறுகிற நிதானத்தில் என் பிக்கப் அந்த ஓடையைத் தாண்டி மேலே போய் நின்றது. நான் கத்தினேன். மகள் கத்தினாள். அப்புறம் நான் என்ன செய்தேன் தெரியுமா? ரிவர்ஸில் கீழே இறக்கி மறுபடி ஏறினேன். மறுபடி இறக்கினேன். ஏழு தடவை என்று அவள் கணக்கு வைத்திருக்கிறாள், நான் ஐந்து என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

குறையே இல்லையா என்றால், பூட்டிய நிலையில் வண்டி திரும்ப மறுக்கும், தார் ரோட்டில் பூட்டக்கூடாது, பக்கவாட்டுச் சரிவில் இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் வால் கீழே இழுத்துக்கொண்டு போகும். அங்கெல்லாம் பொத்தானை எடுத்துவிட்டால் 'புஸ்' என்று காற்று இறங்கி வண்டி பழையபடி ஆகிவிடும். பிறகு, மாற்றம் செய்கிறோம் என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், வேறு குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களிடம் பிக்கப் இருந்து, ஒவ்வொரு மழைக்கும் உங்களைக் கேலி செய்கிற ஒரு வளைவும் இருந்தால் போடுங்கள். வெறும் ஹைவேயில் ஓட்டுகிறவர் என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் டயர் வாங்குங்கள். இன்னமும் குழப்பமா? தாண்டிக்குடிக்கு வாருங்கள், பொத்தானை நீங்களே அமுக்கிப் பார்க்கலாம். ஆனால் மழை நாளாகப் பார்த்து வாருங்கள். வெயில் காலத்தில் அந்த வளைவில் ஷேர் ஆட்டோவே ஏறிவிடும்.