பொத்தானா, குழாயா?

"தண்டுவடம் அடிபட்டவர்கள் இனிப் பொத்தானை அழுத்திச் சிறுநீர் கழிக்கலாம்" என்னும் வகைச் செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். கேட்க மகிழ்ச்சிதான். ஆனாலும் விஞ்ஞானம் பயில்வோர் எந்தக் கருவியிடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது எதைத் தருகிறது? பதிலுக்கு எதை எடுத்துக்கொள்கிறது?

முதலில் கோளாறு என்ன என்று பார்ப்போம். சிறுநீர்ப்பை சுருங்கும்போது அதன் வாயிலுள்ள சுருக்குத்தசை தளர வேண்டும். இவ்விரண்டையும் இணங்கச் செய்வது மூளை. தண்டுவடம் சிதைந்தால் மூளையின் கட்டளை கீழே எட்டாது. பலருக்குப் பையும் வாயும் ஒரே நேரத்தில் இறுகும். வெளியேற வழியற்ற சிறுநீரின் அழுத்தம் சிறுநீரகங்களைக் கெடுக்கும். ஒரு காலத்தில் இவர்களில் பலர் மாண்டது இதனால்தான்.

லண்டனில் ஜைல்ஸ் பிரிண்ட்லி 1970-களில் உருவாக்கிய கருவி இச்சிக்கலைச் சாமர்த்தியமாகத் தீர்க்கிறது. அடிமுதுகின் நரம்பு வேர்களில் மின்வாய்களும், தோலுக்கடியில் ஓர் ஏற்பியும் பொருத்துவார்கள். வெளியிலுள்ள சிறு பெட்டி வானொலி அலைகளால் அதை இயக்கும். மின்துடிப்பு பட்டதும் இரு தசைகளும் இறுகும். சுருக்குத்தசை சட்டென்று தளர்ந்துவிடும். பையின் தசையோ மெல்லத்தான் தளரும். துடிப்புகளை விட்டுவிட்டுக் கொடுத்தால் அந்த இடைவெளிகளில் சிறுநீர் வெளியேறும்!

செய்திகள் சொல்லாமல் விடுவது இனித்தான். சிதைந்த தண்டுவடம் இதனால் சீராவதில்லை. அதன் அடிப்பகுதி பழுதுபடாதவர்களுக்கே கருவி பயன்படும். பை தானாகச் சுருங்காதிருக்க, உணர்வைக் கொண்டுசெல்லும் பின்வேர்களை வழக்கமாக வெட்டிவிடுவார்கள். வெட்டியது மீண்டும் ஒட்டாது. மிஞ்சியிருந்த உணர்வும், ஆண்களுக்கு அனிச்சையாக ஏற்படும் குறி விறைப்பும் போய்விடும்.

இதற்கு முன்பே, 1972-ல், அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடெஸ் எளிய வழியொன்றைக் காட்டினார். பை அளவுமீறி விரிவதுதான் தொற்றுக்கு முக்கியக் காரணம் என்றார் அவர். சுத்தமாகக் கழுவிய கையால், சுத்தமான மெல்லிய குழாயைச் செலுத்தி, சில மணிக்கு ஒருமுறை நோயாளியே பையைக் காலிசெய்யலாம். இதிலும் குறையுண்டு: தொற்று முற்றிலும் நீங்காது, விரல்கள் இயங்காதவருக்குப் பிறர் துணை வேண்டும். குழாய் ஒத்துவராதவர்களுக்குப் பொத்தான் பேருதவியே. ஆயினும் பெரும்பாலோருக்கு முதலில் வேண்டியது குழாயும் பயிற்சியும்தான்.

பயிற்சியின் அருமையை வேலூர் அறியும். மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். பின்னர்ச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நோயாளி வீடு திரும்பிப் பிழைப்பு நடத்தப் பழக்குவதே அத்தகைய நிலையத்தின் வேலை.

அப்படிப் பழகிய ஒருவர் ஆம்பூரில் ஷூவின் மேற்பாகங்களை ஒட்டும் வேலைக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கைகள் போதும், வேலை நடக்கும். ஆனால் அங்கே கழிவறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலம் உண்டா? கை கழுவத் தண்ணீர் உண்டா? நான்கு மணிக்கொருமுறை எழுந்து செல்ல அனுமதி உண்டா? இம்மூன்றும் இல்லையேல், அவர் வேலையை விடுவார். அல்லது சிறுநீரை அடக்கிச் சிறுநீரகத்தை இழப்பார். அடுத்த முறை பொத்தான் செய்தியைப் படிக்கும்போது, அந்தக் கதவின் அகலத்தையும் கேளுங்கள்.