கைத்தட்டலுக்கு எத்தனை மதிப்பெண்?

1924ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பு, மேடைப் பேச்சுக்குப் பந்தய விதிகளையே வகுத்திருக்கிறது. அதன் உலகப் போட்டியில் 5 முதல் 7 நிமிடம் பேச வேண்டும். இருபுறமும் அளிக்கப்படும் 30 நொடிச் சலுகையைத் தாண்டினால் தகுதியிழப்புதான். நடுவர் தாளில் உள்ளடக்கத்துக்கு 50, குரலும் உடலசைவும் அடங்கிய வெளிப்பாட்டுக்கு 30, மொழிநடைக்கு 20 என மதிப்பெண் பிரித்து வழங்குவது நெடுநாள் மரபு. ஆயினும் இம்மதிப்பெண்கள் கூட்டப்படுவதில்லை. ஒவ்வொரு நடுவரும் தேர்ந்த முதல் மூவருக்கு 3, 2, 1 என்ற புள்ளிகளே சேர்வதால், தாராளமான நடுவருக்கும் கறாரான நடுவருக்கும் எடை ஒன்றாகிவிடுகிறது. 2014இல் கோலாலம்பூரில் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி வாகை சூடியது இந்தப் போட்டியில்தான்.

கருத்தரங்குகளுக்குப் பேச்சாளரைத் தேர்வோரிடம் இத்தகைய கட்டுப்பாடு அரிது. முந்தைய கூட்டத்தில் அவையோர் நிரப்பிய கருத்துப் படிவமே பெரும்பாலும் அவர்களுக்குச் சான்று. அது எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை 1973இல் நஃப்டுலின், வேர், டானெலி ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மருத்துவக் கல்வியாளர்கள் கூடிய அவையில் 'டாக்டர் ஃபாக்ஸ்' என்ற பெயரில் ஒரு நடிகர் நிறுத்தப்பட்டு, கணித விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவர் பயிற்சிக்குப் பொருத்துவது குறித்து, முரண்களும் வெற்றுச் சொற்களும் நிறைந்த உரையை நகைச்சுவை ததும்ப நிகழ்த்தினார். நேரில் கேட்டோரும் ஒளிப்பதிவில் கண்டோருமாக 55 பேரில் பெரும்பாலோர் நற்சான்று அளித்தனர். அவருடைய நூல்களை முன்பே படித்திருப்பதாகக் கூறியவரும் உண்டு!

கவர்ச்சியான பேச்சு அனைத்தும் வெறும் பேச்சு என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். 1975இல் வேரும் வில்லியம்ஸும் மாணவர்களிடம் நடத்திய தொடர் ஆய்வில், உயிர்ப்போடு விரிவுரை ஆற்றியவரைக் கேட்டவர்கள் தேர்விலும் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். ஆகவே வெளிப்பாட்டுக்கான 30 வீணல்ல. உள்ளடக்கத்துக்கான 50ஐ யார் இடுகிறார் என்பதே சிக்கல். பேச்சாளரின் சரக்கைக் கேள்வி நேரம் வெளிப்படுத்திவிடும் என அமைப்பாளர்கள் நம்புவதுண்டு. ஆனால் ஃபாக்ஸ் அரைமணி நேரக் கேள்விகளையும் கடந்து சென்றார். கேட்டவர்கள் கல்வியாளர்களாக இருந்தார்களேயன்றி, அவர் பேசிய கோட்பாட்டில் தேர்ந்தவர்களாக இல்லை. அத்துறையை அறிந்த ஒருவரேனும் தேர்வுக் குழுவில் அமர்ந்து, உரையின் சுருக்கத்தை முன்கூட்டியே வாங்கிப் படித்திருந்தால், அந்த நடிகர் மேடையேறும் முன்பே ஆட்டமிழந்திருப்பார்.